மலைமக்களுக்கும் இதில் பங்குண்டு

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில், சமூகப் பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஜூபிலி என்றதும் நம் கண்முன் வருவது கொடியேற்றமும், தேர்பவனியும், விருந்தும், விழா மலருமே. இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் லேவியராகமம் எடுத்துரைக்கும் ஜூபிலி இதைவிடப் பெரியது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். நிலத்தை இழந்தவனுக்கு நிலம் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். ஆகவே நாம் என்னென்ன பெற்றோம் என்று எண்ணி மகிழ்வதோடு, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்றும் கணக்குப் பார்க்க வேண்டிய ஆண்டு இது.

அந்தக் கணக்கைப் பார்க்க, சற்று மேற்கே திரும்புவோம். நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே மலைகள் தெரிகின்றன. ஆனைகட்டி, தடாகம், சிறுவாணி, வெள்ளியங்கிரி, வடக்கே காரமடை, மேட்டுப்பாளையம் மலைச்சரிவுகளில் இருளர் வாழ்கிறார்கள். தெற்கே ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், புலையர், முதுவர், எரவாளர் என்ற ஆறு பழங்குடியினர் வாழ்கிறார்கள். சீங்கப்பதி, கல்கொத்திப்பதி என்று சிறுவாணிச் சாலையில் நாம் படித்துக்கொண்டே கடந்து போகும் பெயர்ப்பலகைகள் எல்லாம் அவர்கள் ஊர்களின் பெயர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர்; நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு. எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் அவர்களுக்கு நாம் பட்டுள்ள கடன் சிறிதன்று.

நாம் பட்ட கடன்

முதலாவது, நம் ஊரின் பெயர். கோவன் என்ற இருளர் தலைவர் காடு திருத்தி உண்டாக்கிய கோவன்புத்தூரே கோயம்புத்தூர் ஆயிற்று என்பது வழிவழியாக இங்கே சொல்லப்பட்டு வரும் வரலாறு. வெளியூர்க்காரர் நம்மை ‘எந்த ஊர்?’ என்று கேட்கும்போதெல்லாம், நாம் அறிந்தோ அறியாமலோ ஒரு மலைமகனின் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, நம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசாத கோவைக்காரர் உண்டோ? அந்தத் தண்ணீர் பிறந்து வரும் காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அந்த மக்கள்.

மூன்றாவது, நம் பாதுகாப்பு. தோட்டத்துக்குள் யானை புகுந்துவிட்டால், ‘கும்கி வரட்டும்’ என்கிறோம். ஆனைமலையில் கோழிகமுத்தி முகாமைச் சேர்ந்த கலீம் என்ற கும்கி யானை, 99 பணிகளில் பங்குகொண்டு 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அதற்கு மரியாதை அணிவகுப்பு நடத்தினார்கள். யானையின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. அத்தகைய யானைகளைப் பழக்கிப் பேணும் பாகர்களும் காவடிகளும் பெரும்பாலும் மலசர் குலத்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காவது, நம் உயிர். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பாம்புக்கடிக்கு ஒரே மருந்து விஷமுறிவு ஊசி. அந்த ஊசிக்கு மூலப்பொருளான பாம்பு விஷத்தைத் தருவதில் முன்னிற்பது, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வடநெம்மேலி இருளரும் நம் ஆனைகட்டி இருளரும் பெயரால் ஒன்று. மொழியாலும் வழக்கத்தாலும் வேறு. ஆயினும் இருளர் என்றாலே கையேந்தி நிற்பவர்கள் என்று நினைப்பவருக்கு இது ஒரு பாடம்.

ஆகவே அன்பர்களே, மலைமக்கள் நமக்கு ஏற்கெனவே தந்துகொண்டிருப்பவர்கள். இதை ஏற்றுக்கொண்டால்தான் இன்று நாம் சொல்ல வந்தது விளங்கும்.

ஒறம்பரையா, பங்காளியா?

மலைப்பகுதிக்குச் சேவை என்றால் பொதுவாக எந்த ஊரிலும் நடப்பது என்ன? ஒரு வேன் ஏற்பாடாகிறது. கம்பளி, அரிசி, பழைய துணி, கிறிஸ்துமஸ் கேக் ஏற்றப்படுகின்றன. வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதைக் குறை சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு கம்பளியின் அருமை, நனைந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் கொடுக்கிற கை ஒரு பக்கமும் வாங்குகிற கை ஒரு பக்கமுமாகவே இருந்தால், அது சகோதரம் ஆகுமா?

நம் கொங்கு நாட்டு விசேஷ வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒறம்பரையாக வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் காப்பித் தண்ணி கொடுத்து உபசரிப்போம். பங்காளியாக வந்தவரோ உட்காரமாட்டார். வாழைமரம் கட்டுவார், இலை போடுவார், பந்தியைக் கவனிப்பார். அவருக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் உட்காரவைத்துவிட்டால், ‘என்னை ஒறம்பரையாட்டம் உட்கார வெச்சுட்டீங்களே’ என்று மனத்தாங்கல் கொண்டு சாப்பிடாமலேயே போய்விடுவார். வேலை கொடுப்பதுதான் அங்கே மரியாதை. பங்கு என்ற சொல்லும் பங்காளி என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம் பங்கில் மலைமக்கள் ஒறம்பரைகளா, பங்காளிகளா? இதுவே எங்கள் கேள்வி.

நம் ஆண்டவர் சிக்கார் ஊர்க் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கினார்? எதையும் கொடுத்துத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்கினார். யூதர் தீண்டாத பாத்திரத்திலிருந்து அவர் கேட்டார். கேட்டதனால் அவளை உயர்த்தினார். கொடுப்பவராக மட்டும் அவர் வந்திருந்தால், அவள் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஊரை அழைத்து வந்திருக்க மாட்டாள்.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டுக்கு வந்து சென்னையிலும் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அந்நாட்டு ஆதிக்குடிகளைச் சந்தித்தார். ஆதிக்குடி மக்கள் தங்கள் பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தி, அதை மற்றவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும் வரையில், அந்நாட்டுத் திருச்சபை இயேசு விரும்பும் முழுமையை அடையாது என்ற கருத்தை அவர் அங்கே எடுத்துரைத்தார். அவர் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். அவர்கள் தர வேண்டும் என்பது ஒன்று. நாம் மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைவிட இரண்டாவதே கடினம்.

இந்த எண்ணம் நம் மறைமாவட்டத்துக்குப் புதிதுமன்று. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அருட்பொழிவு பெற்ற மரியோன் பிரெசிலாக் ஆண்டகை, பிரான்சிலிருந்து வந்தவர். ஆயினும் இந்த மண்ணின் மக்களே குருக்களாகித் தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்பதைத் தம் முதற்கடமையாகக் கொண்டார். பின்னர் 1856-இல் ஆப்பிரிக்காவுக்கென ஒரு மறைபரப்புச் சபையை நிறுவி, 1859-இல் சியெரா லியோனில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. வெளியிலிருந்து வந்து பணி செய்வதைவிட, உள்ளிருப்பவரைப் பணிக்கு எழுப்புவதே மேல் என்று அவர் காட்டிய வழியைத்தான் இன்று நாம் மலையை நோக்கி நீட்டிப் பார்க்கிறோம்.

பயமின்றி வந்து போக

‘அவர்களை யார் வேண்டாம் என்றது? கதவு திறந்துதானே இருக்கிறது, வரட்டுமே’ என்று சிலர் கேட்கலாம். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே வந்தால் என்ன நேரும் என்ற பயம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆனைகட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், நம் மருத்துவ முகாமுக்கு உதவி செய்யலாம் என்று நினைத்து வருகிறாள். மற்றப் பெண்கள் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவளிடம் துடைப்பத்தைக் கொடுக்கிறோம். இவள் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரிக்கிறார். ‘தேன் இருக்குமா, கொண்டு வந்தாயா?’ என்று மற்றொருவர் கேட்கிறார். மாலையில், ‘உங்கள் ஆட்டத்தை மேடையில் ஆடிக் காட்டுவாயா?’ என்று இன்னொருவர் கேட்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பெண் மறுமுறை வரமாட்டாள். ஏன் வரவில்லை என்றும் நமக்குச் சொல்லமாட்டாள். ‘அவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்’ என்று நாம் சொல்லி முடித்துவிடுவோம்.

நியூசிலாந்து நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களிடையே செவிலியர் பணி செய்த இரிகாபெத்தி ராம்ஸ்டன் என்ற அம்மையார் இதை ஆழ்ந்து சிந்தித்தார். 1980-களின் பிற்பகுதியில் அவரும் மற்ற மாவோரிச் செவிலியரும் வகுத்த கருத்துக்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர். ஓர் இடத்தில் ஒருவருடைய குலம், மொழி, வழக்கம் ஆகியவை இழிவுபடாமல் அவர் அவராகவே இருக்க முடிகிறதா என்பதே அதன் பொருள். அந்த இடம் பாதுகாப்பானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், அந்த இடத்தை நடத்துகிறவர் அல்லர், அங்கே வருகிறவரே. 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியிலேயே இது கட்டாயமாக்கப்பட்டது. ‘நாங்கள் எல்லோரையும் நன்றாகத்தான் நடத்துகிறோம்’ என்ற நம் சான்றிதழ் செல்லாது. அந்தப் பெண் தரும் சான்றிதழே செல்லும்.

மலைமக்களின் தயக்கத்துக்கு வரலாறும் உண்டு. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்ற மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வந்த அரசுப் பணியாளர்கள் செய்த கொடுமைகளை நாம் மறந்துவிட முடியாது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல் நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதி கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே, காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென்று ஒப்புக்கொள்கிறது. வெளியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிறவர்களைக் கண்டால் அவர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

நல்லெண்ணமும் தீங்கு செய்யும் என்பதற்குக் கனடா நாடு சாட்சி. அங்கே ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கச் செய்த உறைவிடப் பள்ளிகள் பலவற்றைத் திருச்சபையினர் நடத்தினார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். கல்வி கொடுப்பதாகத்தான் அந்தப் பள்ளிகளும் சொல்லிக்கொண்டன.

செய்ய வேண்டியவை

ஆகவே மலைமக்கள் நம்மோடு சேர்ந்து பணிபுரிய அழைக்க விரும்பினால், கடைப்பிடிக்க வேண்டியவை என்று எங்களுக்குத் தோன்றுவனவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, முறையாக அழைத்தல். நம் வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கிறோம் அல்லவா? அவர்கள் ஊருக்கும் முறை உண்டு. அட்டப்பாடி எல்லையை ஒட்டிய இருளர் ஊர்களில் ஊர் மூப்பன், பண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். முதலில் மூப்பனிடம் போய்ப் பேச வேண்டும். ஒரு முறை போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுக்க உரிமை இல்லாத இடத்தில் சம்மதத்துக்கும் பொருள் இல்லை.

இரண்டாவது, காலம் அறிதல். தேன் எடுக்கும் பருவத்திலும் விதைப்புக் காலத்திலும் அவர்களை அழைக்கக் கூடாது. விதைப்பின்போது பறையும் குழலும் ஒலிக்க ஊரே ஒன்றுகூடி வேலை செய்யும் கம்பளம் என்ற வழக்கம் அங்கே உண்டு. பிரதிபலன் எதிர்பாராமல் கூடி உழைப்பதை நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் யாரும் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. மேலும், பொழுது சாய்ந்தால் மலைப்பாதையில் யானை நடமாட்டம். ஆதலால் எந்தக் கூட்டமானாலும் மாலை மூன்று மணிக்குள் முடித்து, அவர்கள் பஸ் பிடித்து வெளிச்சத்திலேயே ஊர் சேர வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது, கைப்பொருள் இழக்காமல் காத்தல். மாதச் சம்பளக்காரர் ஞாயிற்றுக்கிழமை சேவைக்கு வருவதும், தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டு வருவதும் ஒன்றாகுமா? பஸ் கட்டணம், சாப்பாடு, இழந்த நாளின் கூலி ஆகிய மூன்றையும் பங்கு ஏற்க வேண்டும். ‘கூலி கொடுத்தால் அது சேவை ஆகுமா?’ என்று கேட்பீர்கள். அவர் தருகிற அன்புக்கு நாம் விலை கொடுக்கவில்லை. அன்று இரவு அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று பார்க்கிறோம்.

நான்காவது, தனியே விடாதிருத்தல். ஒருவரை மட்டும் அழைக்கக் கூடாது. ஓர் ஊரிலிருந்து இருவராவது, மூவராவது சேர்ந்து வரட்டும். பெண்கள் வந்தால் அவர்கள் நம்பும் மூத்த பெண் ஒருவர் உடன் இருக்கட்டும். மனம் புண்படும்படி ஏதேனும் நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால், சொன்னவரைக் குற்றவாளியாக்காமல் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, காட்சிப்பொருளாக்காதிருத்தல். அவர்கள் ஆட்டமும் இசையும் அவர்கள் வழிபாட்டோடும் வாழ்வோடும் சேர்ந்தவை. அவர்களாக விரும்பினால் பாடட்டும். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சம்மா என்ற இருளர் மூதாட்டி, 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை நாம் அறிவோம். பாட்டுக்கு உரிய மரியாதை கிடைக்கும்போது அந்தக் குரல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவரே சான்று. ஆனால் விழா மேடையை நிரப்புவதற்காக ‘ஆதிவாசி நடனம்’ என்று அழைக்கக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

ஆறாவது, அறிவுக்கு உரியவரை மதித்தல். 1987-இல் அகத்தியர் மலைக்குச் சென்ற ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள், ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டு களைப்பின்றி மலையேறினார்கள். அந்தச் செடியின் குணத்தைக் கேட்டறிந்து உருவானதே ‘ஜீவனி’ என்ற மருந்து. அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது நம் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்திய நிறுவனம். உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. மலைமக்கள் வந்து மூலிகை பற்றியோ விதை பற்றியோ நமக்குச் சொன்னால், அது அவர்கள் சொத்து. அவர்கள் சம்மதமின்றி எழுதக் கூடாது, விற்கக் கூடாது.

ஏழாவது, மதத்தை நிபந்தனையாக்காதிருத்தல். நம்மோடு பணி செய்ய யாரும் நம் ஞானஸ்நானம் பெற வேண்டியதில்லை. அவர்கள் மலைத்தெய்வத்தை வணங்கிவிட்டு வந்து நம் முகாமில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாம். சேவையைத் தூண்டிலாக்கினால் அவர்களையும் இழப்போம், சேவையையும் இழப்போம். நம் விசுவாசம் நம் நடத்தையில் தெரிந்தால் போதும்.

எட்டாவது, முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி. வேலைக்கு மட்டும் அழைத்துவிட்டு, திட்டமிடும் கூட்டத்துக்கு அழைக்காவிட்டால் அவர்கள் பங்காளிகள் ஆகமாட்டார்கள். எந்தப் பணி தேவை, எது தேவையில்லை என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

நடக்கக் கூடியதா?

இதெல்லாம் மேடைப்பேச்சுக்கு அழகாக இருக்கும், நடைமுறைக்கு வருமா என்று சிலர் எண்ணக்கூடும். நடந்திருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில், 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் மருத்துவப் பணி தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து செவிலியரைக் கொண்டுவந்து குவிக்காமல், அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். அவர்களே இன்று அந்த மருத்துவமனையைத் தாங்கும் தூண்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் அப்படியே. 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய குலங்களைச் சேர்ந்த பெண்களே செவிலியராகவும் ஊர்நலப் பணியாளராகவும் வந்தார்கள். நோயாளியின் மொழியில் பேசுகிற செவிலி இருந்தால், நோயாளி ஓடிப்போகமாட்டார் என்பதை இரண்டு இடங்களும் மெய்ப்பித்திருக்கின்றன.

நம் அளவுக்கு ஏற்ற ஒரு பணி நம் கண்முன்னே காத்திருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலையிலிருந்து பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும் வருகிற குடும்பங்கள் உண்டு. எந்தச் சீட்டு எங்கே, எந்த வரிசை எதற்கு என்று தெரியாமல் திகைத்து நின்று, சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அங்கே அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் உடன் நின்றால் ஓர் உயிர் காப்பாற்றப்படலாம். அதைச் செய்யக்கூடியவர் நம்மில் யார்? நாம் எவ்வளவு படித்திருந்தாலும் நம்மால் ஆகாது. அந்த மலைப்பெண்ணால்தான் ஆகும். அவளுக்குத் தங்க ஓர் இடம், வழிச்செலவு, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண், மருத்துவரிடம் பேசத் துணை, இவற்றை நாம் தரலாம். பணி அவளுடையது, பக்கபலம் நம்முடையது.

அதேபோல் மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு யானை வரும் வழியில் எப்படி நடந்துகொள்வது, பாம்பு கடித்தால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்பவற்றை, காட்டை அறிந்த பெரியவரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து வந்து நம் மண்டபத்திலே சொல்லலாம். அப்போது ஆசிரியர் இருக்கையில் மலைமகன் இருப்பார். கீழே உட்கார்ந்து கேட்பவர்கள் நாமாக இருப்போம். நம் பிள்ளைகள் அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்துவிட்டால், நூறு மறைக்கல்வி வகுப்புகள் சொல்வதை அது சொல்லிவிடும்.

‘எல்லோரும் சமம் என்றால் இவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு?’ என்பது கடைசிக் கேள்வி. மேடான வயலுக்கும் பள்ளமான வயலுக்கும் ஒரே மாதிரி மடை வெட்டினால் தண்ணீர் சமமாகப் பாயுமா? எந்த விவசாயியும் அப்படிச் செய்யமாட்டார். திருத்தூதர் பவுல் உடலையும் உறுப்புகளையும் உவமையாகக் காட்டியபோது, எளியனவாகத் தோன்றும் உறுப்புகளுக்கு அதிக மரியாதை வேண்டும் என்றுதான் நமக்கு உணர்த்தினார்.

எனவே ஜூபிலி ஆண்டின் நினைவாக நாங்கள் முன்வைக்கும் வேண்டுகோள் இவ்வளவே. இந்த ஆண்டு முடிவதற்குள், மலையில் உள்ள ஓர் ஊருக்காவது நம் பங்குப் பேரவையினர் இருவர் வெறுங்கையோடு போக வேண்டும். கம்பளியோ அரிசியோ கேமராவோ எடுத்துப் போக வேண்டாம். மூப்பனைப் பார்த்து வணங்கி, ‘ஆஸ்பத்திரிக்கு வருகிற உங்கள் மக்களுக்குத் துணையாக நிற்க உங்களில் யாரேனும் எங்களோடு சேர்வீர்களா? சேர்வதானால் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?’ என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு வர வேண்டும். அந்தப் பதிலை வரும் பேரவைக் கூட்டத்தில் அப்படியே படிக்க வேண்டும். பங்கு நிதியில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்க வேண்டும்.

கோவன் பெயரால் வழங்கும் ஊரில், சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பங்கு இது. இதன் அடுத்த ஐம்பது ஆண்டுகள் மலைமக்களின் கையாலும் கட்டப்படட்டும். ஆண்டவர் கேட்டுத் தொடங்கியதுபோல நாமும் கேட்டுத் தொடங்குவோம்.